பன்னிரண்டு வாளியும் ஒரு பெஞ்சும்

முன்னாள் மாணவர் சங்கத்து மலருக்கு, "நான் பெற்றுத் தந்த கோப்பைகள்" என்ற தலைப்பில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டு வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்ததில் நான் பெற்றுத் தந்த கோப்பைகள் மொத்தம் நான்கு. அதில் ஒன்றுக்குக் கைப்பிடி கிடையாது. இன்னொன்றை வேதியியல் துறைக்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய்ப் பேனா போட்டு வைத்திருந்தார்கள். இதை எழுத ஒரு பக்கம்கூடத் தேறாது. ஆகவே கோப்பையை விட்டுவிட்டு ஒரு பெஞ்சைப் பற்றி எழுதுகிறேன். சங்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஒரகடம் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் கூடைப்பந்துப் போட்டிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மரப்பலகைத் தளம், தலைக்கு மேலே வரிசையாக விளக்கு, ஆட்டக்காரர்கள் உட்கார மெத்தை வைத்த நாற்காலி. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பயிற்சியாளர் வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஏதாவது தப்பு பண்ணிட்டானா?" என்று கேட்டேன். "இல்ல சார், ரெஸ்ட்" என்றார். பையனும் சந்தோஷமாக உட்கார்ந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். எங்கள் காலத்தில் நல்ல ஆட்டக்காரனை உட்கார வைத்தால் அதற்கு ஒரே பெயர்தான், தண்டனை. எங்கள் கல்லூரிக்குப் பக்கத்து ஊரான பென்னலூரில் மட்டும் அதற்கு வேறு பெயர் இருந்தது. அதை நான் தெரிந்துகொண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் ஒரு வருஷம் உடற்பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். அங்கே உருப்படியாகக் கற்றது இரண்டு. ஒன்று, காது கிழிய விசில் ஊதுவது. இன்னொன்று, வெயிலில் நின்றபடியே தூங்குவது. எழுபதுகளின் தொடக்கத்தில் நம் கல்லூரியில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில், இப்போது தொழிற்சாலைகள் ஒட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், அப்போது வேர்க்கடலைக் கொல்லையும் ஏரிக்கரையும்தான். நடுவில் எங்கள் கல்லூரி. மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் "விசிலு". அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் வெகுநாள் நம்பினார்கள்.

முதல்வர் ஒரு பாதிரியார். ஆறடி உயரம், வெள்ளை அங்கி, மெல்லிய குரல். அவர் வாயிலிருந்து 'ஆகட்டும்' என்றோ 'முடியாது' என்றோ யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ இரண்டு வார்த்தை சொல்வார், பிறகு மேஜை இழுப்பறையைத் திறப்பார். அதில் எப்போதும் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். கல்லூரிக் கிணற்றுக்குப் பக்கத்தில் அவரே நட்டு வளர்த்த மரங்களின் பழம். ஒரு பழம் கொடுத்தால் முடியாது என்று அர்த்தம், தின்றுவிட்டுப் போகலாம். இரண்டு கொடுத்தால் சம்மதம், ஒன்று உனக்கு, ஒன்று வீட்டுக்கு. பழமே வராவிட்டால் மெமோ வரும். அறையை விட்டு யார் வெளியே வந்தாலும் அலுவலகத்தார் நிமிர்ந்து பார்த்து, "எத்தினி பழம் சார்?" என்று கேட்பார்கள். என்னை நிரந்தரமாக்கும் காகிதமும் அந்த இழுப்பறைக்குள்தான், பழத்துக்கு அடியில் இருந்தது. நாலு வருஷத்தில் அது விஷயமாக நான் தின்ற ஒற்றைப் பழங்கள் ஒரு தாருக்குச் சமம்.

எங்கள் கூடைப்பந்து மைதானம் மண் தரை. மண் தரையை ஆடுகிற பதத்துக்குக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. விடியற்காலை ஐந்தரைக்குப் பையன்கள் வந்துவிட வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு வாளி தண்ணீர் கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டுவந்து, பின்னால் நடந்துகொண்டே கையால் வீசித் தெளிக்க வேண்டும். முன்னால் நடந்தால் ஈரத்தில் கால் பட்டுக் குழி விழும். தண்ணீர் அதிகமானால் பந்து எழும்பாது, குறைந்தால் புழுதி கிளம்பிக் கண்ணை மறைக்கும், திரும்பும்போது கணுக்கால் பிசகும். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் மண் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். பிறகு நாலு பேர் உருளை இழுப்பார்கள். கயிறு பிடித்து, அடியில் ஆணியால் துளை போட்ட டப்பாவில் சுண்ணாம்பு நிரப்பிக் கோடு போடுவோம். பந்துக் கொட்டகைக் கதவில் நானே பெயிண்டில் எழுதி வைத்திருந்தேன்: "தண்ணீர் தெளிக்காதவன் தண்ணீர் குடிக்கலாம், ஆட முடியாது."

இந்த விதிக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் ஏழுமலை.

ஏழுமலை பென்னலூர்ப் பையன். ஆறடி மூன்று அங்குலம். கையை நீட்டினால் வளையத்து வலையைத் தொட்டுவிடுவான். அவன் கைக்குப் பந்து போனால் கூடையில் விழுந்த பிறகுதான் வெளியே வரும். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டான். மற்ற நாலு பேரும் ஆடுகளத்தில் இருப்பது விதிப் புத்தகத்தில் ஐந்து பேர் என்று போட்டிருப்பதால்தான். அவன் காலையில் மெதுவாக ஆறரை மணிக்கு வருவான், கிணற்றுப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டான். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆட்டத்தில் பாதிப் புள்ளி அவன் எடுத்துத் தருவது. அதனால் மூன்று வருஷம் என் கண்ணுக்கு அது தெரியவில்லை. ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மைதானத்துக்குப் பத்துப் பேர் கணக்கில் நூற்றிருபது வாளி குறையாமல் வந்துகொண்டிருந்தது. எப்படி என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த மூன்றாவது வருஷம் மண்டலப் போட்டி எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. அரையிறுதியில் எங்கள் குள்ளப் பையன் ஸ்டீபன், கைக்கு நேராக வந்த பந்தை மூன்று தடவை நழுவ விட்டான். ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டுக் கையை விரிக்கச் சொன்னேன். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த கொப்புளம்.

"இன்னாடா இது?"

"தண்ணி எறச்சது சார்."

"பன்னெண்டு வாளிக்கா இப்டி ஆகும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "இருவத்தினாலு சார். ஏழுமலையோடதும் நாந்தான் எறைக்கிறேன். மூணு வருசமா."

"அவன் எறைச்சா இன்னா? கை தேஞ்சிடுமா?"

"அப்டி இல்ல சார். அந்தக் கெணறு அவங்க நயினா வெட்னது. அவரு கெணறு வெட்ற ஆளு சார். காலேஜு சேந்த மொத நாளே எவனோ 'கெணத்துக்காரன் மவன்'னு கூப்ட்டு எல்லாரும் சிரிச்சிட்டானுங்க. அன்னிலேர்ந்து அந்தக் கயித்தத் தொட மாட்டான். நான் சொன்னதா சொல்லிடாதீங்க சார்."

எனக்குக் கோபம் வந்தது. ஏழுமலை மேல் பாதி, என் மேல் பாதி. என் மேல் வந்த பாதியை என்ன செய்வது என்று தெரியாததால் முழுவதையும் ஏழுமலையிடமே காட்டினேன். அவனைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல பன்னெண்டு வாளி நீயே எறைக்கணும். இல்லாங்காட்டி ஃபைனல்ல பெஞ்சுதான்" என்றேன்.

சும்மா சொல்கிற பேச்சா அது? இறுதி ஆட்டத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெரிய தொழிற்சாலையின் விளையாட்டு அதிகாரி வருவதாக இருந்தது. வருவதே ஏழுமலைக்காகத்தான். ஆட்டம் பிடித்திருந்தால் தொழிற்சாலை அணியில் இடம், அதோடு நிரந்தர வேலை. அந்த வீட்டில் அதற்கு முன்னால் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர் யாரும் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் கிணற்றடியில் நின்றேன். அவன் வரவில்லை. ஸ்டீபன் துணி சுற்றிய கையோடு கயிற்றைப் பிடிக்கப் போனான். அதட்டி உட்கார வைத்துவிட்டு, ஏழுமலையின் பன்னிரண்டு வாளியையும் நானே இறைத்தேன். ஏழாவது வாளியில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்த விதியை எந்த மடையன் எழுதினான் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

பதினோரு மணிக்கு முதல்வர் கூப்பிட்டனுப்பினார். செய்தி அதற்குள் போய்விட்டது. கண்ணாடியைத் துடைத்தார்.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, இல்லியா?"

"ஆமா ஃபாதர்."

"சாயங்காலம் பெரிய மனுஷங்கல்லாம் வர்றாங்க. அந்த உயரமான பையன் நல்லா ஆடுறான்னு சொல்றாங்க."

"ஆமா ஃபாதர். ஆனா அவன் தண்ணி எறைக்கல."

இழுப்பறை திறந்தது. ஒரு பழம் வந்தது. அவர் முன்னாலேயே உரித்துத் தின்றேன். தின்னும்போது பழத்துக்கு அடியில் இருந்த என் காகிதத்தின் ஓரம் கண்ணில் பட்டது. வெளியே வந்ததும் எழுத்தர் கேட்டார், "எத்தினி சார்?" ஒரு விரலைக் காட்டிவிட்டுப் போனேன்.

மாலை நாலு மணிக்கு ஆட்டம். ஒரு பக்கம் முழுக்கச் சாமியானா. முன் வரிசையில் விருந்தினருக்கு நாற்காலி, அதன் ஓரத்தில் தாவரவியல் துறையிலிருந்து கடன் வாங்கிய எங்கள் பெஞ்சு. அதற்கு ஒரு கால் குட்டை, செங்கல் முட்டுக் கொடுத்திருந்தோம். ஆட்டக்காரர் பட்டியலில் முதல் ஐந்து பெயருக்கு நேராக அடையாளம் போட்டுக் கொடுத்தேன். ஏழுமலை பெயரைத் தாண்டும்போது பென்சில் முனை முறிந்தது. வேண்டுமென்றே அழுத்தியிருப்பேனோ என்னவோ. அவன் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, முழங்கால் நெஞ்சுக்கு வர, அந்தக் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தான். தொழிற்சாலை அதிகாரி, அரைக்கைச் சட்டைக்காரர், கையில் நோட்டோடு அவனுக்கு நாலடி தூரத்தில் இருந்தார். எங்கே அந்த உயரமானவன் ஆடவில்லையா என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் பென்னலூர்க் கூட்டம் வந்தது. மூன்று சைக்கிளில் ஐந்து பேர். முன்னால் வந்தவர் கறுத்து உலர்ந்த மனிதர், கை மட்டும் இரண்டு மடங்கு. நேராக என்னிடம் வந்து, இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வணக்கம் சார். நாந்தான் கன்னியப்பன். ஏயுமல நயினா."

என்ன சமாதானம் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் பெஞ்சைப் பார்த்துவிட்டார். அப்படியே நின்றார். பிறகு கூட வந்தவர்களைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"டேய், பாத்தியாடா? மத்த புள்ளைங்கல்லாம் வெயில்ல ஓடிக்கினு கீது. எம்புள்ள நெயல்ல குந்திக்கினு கீறான். தோள்ல துண்டு வேற!"

"பெரிய மனுசங்களுக்குப் பக்கத்துல கீறான்பா" என்றார் இன்னொருவர்.

"பின்ன? மேஸ்திரி ஆயிட்டான்டா! மேஸ்திரிதான குந்திக்கினு வேல வாங்குவான்?" கன்னியப்பன் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ரொம்ப சந்தோசம் சார். இருவது வருசமா கெணத்துக்குள்ளாற நின்னுகினே கீறேன். ஒருநாளும் என்ன எவனும் குந்துன்னு சொன்னதில்ல."

உண்மையைச் சொல்லாமல் நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். கொஞ்சம் சிரித்தும் வைத்தேன் என்று நினைக்கிறேன். ஏழுமலை இதெல்லாம் கேட்டுக்கொண்டு, கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கன்னியப்பன் வேகவைத்த வேர்க்கடலையை அவன் மடியில் கொட்டிவிட்டுக் கூட்டத்தோடு போய்த் தரையில் உட்கார்ந்தார்.

முதல் பாதியில் எங்களை உரித்தெடுத்தார்கள். பதினாலு புள்ளி பின்னால் போனோம். பின்னாலிருந்து பையன்கள், "விசிலு, ஏழுமலைய எறக்கு!" என்று கத்தினார்கள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றியவர் போடவே இல்லை. எங்கள் பையன் ஒருவன் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் கன்னியப்பன் பெஞ்சைப் பார்த்து, "அதட்டுடா ஏயுமல! சும்மா குந்திக்கினு இருந்தா எப்டி? நல்லா வேல வாங்கு!" என்றார். அதிகாரி நோட்டை மூடி மடியில் வைத்தார்.

இடைவேளை பத்து நிமிஷம். இரு பக்கக் கூடைக்கும் அடியில் புழுதி பறந்ததால் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று நடுவர் சொன்னார். அந்த வேலைக்குப் போட்டிருந்த பையன்கள் சோடா குடிக்கப் போய்விட்டார்கள். நான் விசில் ஊதித் தேடிக்கொண்டிருக்கும்போது, கன்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார். நாங்கள் மூன்று இழுப்பில் தூக்குகிற தூரத்தை அவர் ஒரே இழுப்பில் தூக்கினார். பின்னால் நடந்துகொண்டே வீசினார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தியும் பார்த்தார்.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "ஏ பெர்சு, நல்லா தெளி!" இன்னொருவன், "டேய், அது கெணத்துக்காரர்டா! நம்ம ஏழுமலையோட..." என்றான். சிரிப்பு கிளம்பியது. கன்னியப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தார். கிணற்றைக் காட்டி, "ஆமா தம்பி, நாந்தான் வெட்னேன். தண்ணி எப்டி கீது? இனிப்பா கீதா?" என்று கேட்டார். கத்தியவன் பக்கத்தில் இருந்தவன் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

நான் பெஞ்சைப் பார்த்தேன். ஏழுமலை எழுந்து நின்றிருந்தான். மடியிலிருந்த வேர்க்கடலை கீழே கொட்டியது. துண்டைப் பெஞ்சில் போட்டுவிட்டுக் கிணற்றுக்குப் போனான். அப்பா கையிலிருந்து கயிற்றை வாங்கினான். மூன்று வருஷம் தொடாத கயிறு.

நான் எண்ண ஆரம்பித்தேன். நாலு வாளி இறைத்தான், அப்பா தெளித்தார். "போதும்டா, சேறாய்டும்" என்றார் கன்னியப்பன். அவன் என்னைப் பார்த்தான். எட்டு பாக்கி. ஐந்தாவது வாளியை இறைத்து முதல்வரின் வாழைக்கன்றுக்கு ஊற்றினான். ஆறாவதையும் அங்கேயே. எட்டாவது வாளி மேலே வரும்போது நடுவர் விசில் ஊதிவிட்டார்.

காஞ்சிபுரத்துக்காரர் அந்த நடுவர், கடிகாரத்தோடு பிறந்தவர். அவரிடம் ஓடிப் பந்தில் காற்று குறைவு என்றேன். அழுத்திப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். ஒன்பது. எங்கள் பையனுக்கு ஷூ கயிறு அறுந்துவிட்டது என்றேன். அறுபடவில்லையே என்றார். அவிழ்ந்திருக்கிறது என்றேன். பத்து. ஒரு சந்தேகம் சார், பந்து மேலே போகும்போது காக்கை மேல் பட்டுக் கூடையில் விழுந்தால் புள்ளி உண்டா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாவம், உண்மையாகவே யோசித்தார். பதினொன்று. "விதிப் புத்தகத்துல காக்கா கெடையாது மிஸ்டர்" என்று அவர் சொல்லி முடிப்பதற்கும் பன்னிரண்டாவது வாளி வாழைக்கன்றில் விழுவதற்கும் சரியாக இருந்தது. ஓடிப்போய்ப் புள்ளி எழுதுகிறவர் மேஜையில் ஆள் மாற்றம் சொன்னேன்.

ஏழுமலை ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினான். அடுத்த இருபது நிமிஷம் அவன் ஆடியதை நான் விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்கள் இன்னும் அதையே பேசுகிறார்கள், ஒவ்வொரு வருஷமும் இரண்டு புள்ளி கூட்டிச் சொல்கிறார்கள். அதிகாரி நோட்டைத் திறந்துவிட்டார். கடைசிச் சில விநாடி. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். பந்து ஏழுமலை கையில். மூன்று பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். மூன்று பேர் தலைக்கு மேலேயும் அவனால் போட முடியும், எத்தனையோ தடவை போட்டிருக்கிறான். கூடைக்கடியில் ஸ்டீபன் தனியாக நின்றான்.

ஏழுமலை பந்தை ஸ்டீபனுக்குக் கொடுத்தான்.

மூன்று வருஷம் நான் காத்திருந்த பாஸ் அது. ஸ்டீபன் துணி சுற்றிய கையால் பிடித்தான், போட்டான், பந்து வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. விசில். ஒரு புள்ளியில் தோற்றோம். நான் மட்டும் ஆகாயத்துக்குத் துள்ளிக் கைதட்டிக்கொண்டிருந்தேன். எதிரணிப் பயிற்சியாளர் எனக்குக் கைகொடுக்க வந்தவர், என்னைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டார்.

அதிகாரி என்னிடம் வந்தார். "அந்தப் பையன் ஏன் முதல் பாதி ஆடலை?"

"தண்ணி எறைக்கல சார்."

"ரெண்டாவது பாதி?"

"எறைச்சான் சார்."

அவர் நோட்டில் பெயரை எழுதிக்கொண்டார். தகப்பனார் பெயரும் வேண்டும் என்றார். ஏழுமலையே முன்னால் வந்து, "கன்னியப்பன் சார். கெணறு வெட்றவரு" என்று உரக்கச் சொன்னான். நான் எதற்கென்றே தெரியாமல் விசில் ஊதினேன்.

கூட்டம் கலையும்போது முதல்வர் வந்தார். வாழைக்கன்றுகளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், "நல்ல மழை பெஞ்சாப்பல இருக்கு" என்றார். அங்கியின் பைக்குள் கை போனது. இரண்டு பழம் வந்தது. அடுத்த மாதம் நான் நிரந்தரம்.

இரண்டு பழத்தையும் வைத்துக்கொண்டு நான் கிணற்றடிக்குப் போனேன். ஏழுமலை கயிற்றைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான். கன்னியப்பன் மட்டும் என்னைத் தனியாக ஓரமாகக் கூட்டிப்போனார். முகத்தில் வருத்தம்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்கோ. எம்புள்ள நல்லா மேஸ்திரி கணக்கா நெயல்ல குந்திக்கினு இருந்தான். அவன எறக்கி இப்டி ஓட வுட்டுட்டீங்களே. இன்னா சார் தப்பு பண்ணான்?"

கையிலிருந்த ஒரு பழத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் உரித்தார், பாதியை வாயில் போட்டுக்கொண்டார். மீதிப் பாதியை, முகத்தில் சிரிப்பே இல்லாமல், கிணற்றடியில் நின்ற மகனிடம் நீட்டினார்.

"இந்தாடா, மேஸ்திரி."